இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக வைப்பது: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் தொடுவது

வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது. வாசலை ஒட்டிய ஹாலில், டிவிக்கு மேலே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஹாலில் எல்லாம் பறக்கிறது. கடைசிப் படுக்கையறையில் வீடியோ கால் நின்று நின்று வருகிறது. சென்னை ஃபிளாட்டுகளில் இதுதான் வழக்கமான நிலைமை. இன்னொரு ரவுட்டர் வாங்கி, லேன் கேபிள் இழுத்து, அதை ஆக்சஸ் பாயிண்டாக (கம்பியில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் பெட்டியாக) வைத்து இதைச் சரிசெய்வது எப்படி என்று இங்கே பார்க்கலாம்.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். பெட்டியைப் பிரித்ததும் சானலை (வைஃபை பேசும் அலைவரிசையை) மாற்ற உட்காருவார்கள். பழுது கேபிளில் இருக்கும். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் சேர்த்து முடித்தபிறகு பாஸ்வேர்டை மாற்றுவார்கள். டிவி முதல் பிரிண்டர் வரை மறுபடி அடிக்க வேண்டிவரும். ஆகவே கீழே உள்ள எண்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு ரிப்பீட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முடிந்தவரை வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர், கேட்டதை அதே சானலில் திரும்பச் சொல்கிறது. வேகம் பாதிக்கு இறங்கிவிடும்.

1. கையில் இருக்க வேண்டியவை

லேன் போர்ட் உள்ள லேப்டாப் ஒன்று வேண்டும். போர்ட் இல்லையென்றால் ஜிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்) யுஎஸ்பி அடாப்டர். மொபைலை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்கினால், பிரச்சினை கம்பியிலா காற்றிலா என்று கடைசிவரை தெரியாது.

ரவுட்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் 1200 என்று பெரிதாகப் போட்டிருக்கும். பின்னால் லேன் போர்ட் 10/100 என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த ரவுட்டர் எத்தனை ஆண்டெனாவை நீட்டிக்கொண்டு நின்றாலும் கம்பி வழியாக 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் வாங்காது. 10/100/1000 என்று இருப்பதை எடுங்கள்.

கேபிள் கேட்-5இ அல்லது கேட்-6. வீட்டுத் தூரத்துக்கு இரண்டுமே ஜிகாபிட்டைத் தாங்கும். ரிச்சி தெருவில் வாங்குவதாக இருந்தால் "ஃபுல் காப்பரா, சிசிஏ-வா?" என்று கேட்டு வாங்குங்கள். சிசிஏ என்பது அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு. விலை குறைவு, ஆனால் வளைத்து வளைத்து இழுக்கும்போது உள்ளே முறிந்துவிடும். ஒரு முனையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் போதும். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

இன்னும் இரண்டு: ஃபைபர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் போட்டோ, ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் செயலி. ஐபோனில் இந்த வகைச் செயலிகள் அக்கம்பக்கத்து சிக்னல்களைக் காட்டாது. ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டியில் மட்டும் அதற்கென ஒரு ஸ்கேனர் உண்டு; போனின் செட்டிங்ஸில் அதை இயக்கிக்கொள்ள வேண்டும்.

2. முதலில் கம்பியில் வேகம் பாருங்கள்

ஃபைபர் பெட்டியில் லேப்டாப்பை நேராகச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு, ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். வந்த எண்ணை எழுதி வையுங்கள். இனி வைஃபையில் என்ன வந்தாலும் இதைத் தாண்டாது. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு இங்கேயே 60 வந்தால், புது ரவுட்டர் வாங்கிப் பயனில்லை. முதலில் புகார் கொடுக்க வேண்டும்.

94 அல்லது 95-இல் வந்து அசையாமல் நின்றால் அது வேறு கதை. எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் அளவில் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த படி அதற்குத்தான்.

3. கேபிளில் எட்டுக் கம்பியும் வேண்டும்

இந்தக் கட்டத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள். வீட்டு வைஃபைப் புகார்களில் பாதி இங்கே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ்-க்கு நான்கு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் தேவை. ஆள் வைத்துச் செய்யும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். "நாலு கம்பி போதும் சார், நெட்டு வந்துரும்" என்று சொல்லி மற்ற நான்கை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. நெட் வரும்தான். ஆனால் 95-ஐத் தாண்டாது.

கேபிள் முனையில் ஜாக்கை மாட்டி இறுக்கும்போது (கிரிம்ப்) கம்பிகளின் வரிசை, ஜாக்கின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடி பிரிந்து நடுவில் நீலம் உட்காருவதைப் பார்த்ததும் தப்பாகத் தோன்றும். பலரும் அதை "சரி" செய்து கெடுப்பார்கள். அப்படியே விடுங்கள். வெளிப்புற உறை ஜாக்குக்குள் போய் இறுக வேண்டும், இல்லாவிட்டால் யாராவது துடைப்பத்தால் தட்டினாலே தளர்ந்துவிடும்.

கேபிளை எந்தப் பைப்பில் விடுவது? சென்னை ஃபிளாட்டுகளில் டெலிபோன், கேபிள் டிவிக்கென்று தனிப் பைப் சுவருக்குள் ஓடும். இப்போது அது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது. பழைய டிவி வயரோடு புது கேபிளைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். கரண்ட் ஓடும் பைப்பில் மட்டும் விடாதீர்கள். உறை உரசிப்போனால் 230 வோல்ட் லேன் கம்பியில் ஏறும். மொட்டைமாடி வழியாகவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி விழும்போது வெளியே ஓடும் செம்புக் கம்பி வழியாக இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகள் போய்விடக்கூடும்.

இழுத்து முடித்ததும் லேப்டாப்பை மறுமுனையில் செருகி, இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா பாருங்கள். விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஈத்தர்நெட் விவரத்தைத் திறந்தால் 1000/1000 என்றோ 100/100 என்றோ தெரியும். 1000 வராமல் நான்காம் படிக்குப் போக வேண்டாம்.

4. புது ரவுட்டரைத் தனியாக வைத்துத் தயார்செய்யுங்கள்

இன்னும் வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள். லேப்டாப்பையும் ரவுட்டரையும் மட்டும் கேபிளால் இணையுங்கள். காரணம், பழைய பெட்டியும் புதியதும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் சேர்த்துச் செருகினால் எதன் பக்கத்தைத் திறக்கிறோம் என்றே தெரியாது.

பிரவுசரில் அந்த முகவரியை அடித்து ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை. செட்டிங்கைத் திறக்கும் சாவி. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் பிடித்துக்கொண்ட கேமராக்களும் ரவுட்டர்களும் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால் சிக்கியவை.

அடுத்தது ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள். கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணோடு வன்பொருள் பதிப்பும் பொருந்தும் கோப்பை இறக்கி ஏற்றுங்கள். பதிப்பு எண் அடி ஸ்டிக்கரில் வி1, வி2 என்று இருக்கும். வி2-க்கு உரியதை வி1-இல் ஏற்றினால் ரவுட்டர் செங்கல்தான். ஏற்றும்போது கரண்ட் போனாலும் அதே கதி. இன்வெர்ட்டர் உள்ள பிளக்கில் வைத்துச் செய்யுங்கள். மற்ற செட்டிங்குகளுக்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சில ஃபர்ம்வேர்கள் ஏறும்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் தொடங்கும்.

நாடு என்ற இடத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். எந்தெந்த சானல், எவ்வளவு சக்தி என்பது அதைப் பொறுத்தது.

5. ஆக்சஸ் பாயிண்ட் மோடு

செட்டிங்கில் 'ஆபரேஷன் மோடு' என்ற பெயரில் இருக்கும். அதை ரவுட்டரிலிருந்து ஆக்சஸ் பாயிண்டுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டாலும் நெட் வரும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. ஆனால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உருவாகிவிடும். ஹாலில் இருக்கும் பிரிண்டரைப் படுக்கையறை லேப்டாப் பார்க்காது. போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியாது.

அந்த மோடு இல்லாத பழைய ரவுட்டர் என்றால் கையால் செய்யலாம். வரிசை முக்கியம்:

முதலில் அதன் லேன் முகவரியை மாற்றுங்கள். ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. ஃபைபர் பெட்டி மற்ற கருவிகளுக்குக் கடைசி எண் 100 முதல் 200 வரை உள்ள முகவரிகளைக் கொடுக்கட்டும். 2 அதற்கு வெளியே இருப்பதால் மோதல் வராது.

அப்புறம் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை) அணையுங்கள். ஒரு வீட்டில் முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் கொடுத்தால் சில கருவிகள் வேலை செய்யும், சில செய்யாது; மறுநாள் அது தலைகீழாகும். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் போய், செட்டிங் பக்கத்தைத் திறக்க முடியாமல் தவிப்பீர்கள். அதனால்தான் முகவரி முதலில்.

கடைசியாகக் கேபிளை வெளி இணைப்புக்கான நீல நிற வான் (WAN) போர்ட்டில் செருகாமல், லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். ஆக்சஸ் பாயிண்ட் மோடு உள்ள ரவுட்டர்களில் எந்தப் போர்ட் என்பதைக் கையேடு சொல்லும்.

6. வைஃபை பாஸ்வேர்டும் பாதுகாப்பு முறையும்

கருவிகளைச் சேர்க்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

இணைப்புக் கொடுக்க வருகிறவர் உங்கள் மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போவார். ஞாபகம் வைப்பது சுலபம்தான். ஆனால் நம் மொபைல் எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். வைஃபையில் யாரோ சேரும்போது நடக்கும் கைகுலுக்கலைக் காற்றில் பதிவுசெய்துகொண்டு போனால், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல லட்சம் பார்க்கும். 400 கோடி என்பது சில மணி நேர வேலை. லிஃப்டுக்குப் பக்கத்தில் உங்கள் எண்ணையே எழுதி ஒட்டியிருந்தால் அதுவும் தேவையில்லை.

சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: முருங்கை, ஆணி, பம்பரம், வியாழன் என்பது போல. (இதையே போடாதீர்கள்.) நீளம்தான் பலம். விருந்தாளிக்கு வாயால் சொல்லவும் எளிது.

பாதுகாப்பு முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3 இருந்தால் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறையை முதலில் போட்டுப் பாருங்கள். பழைய பிரிண்டரோ ஸ்மார்ட் பல்போ சேர மறுத்தால் டபிள்யூபிஏ2-ஐயும் அதில் ஏஇஎஸ் என்ற மறையாக்கத்தையும் தேர்ந்தெடுங்கள். டிகேஐபி என்ற பழைய மறையாக்கத்தை எங்கே பார்த்தாலும் விலக்குங்கள். பாதுகாப்பு பலவீனம் என்பது ஒருபக்கம். டிகேஐபி போட்டால் வைஃபை வேகம் 54 எம்பிபிஎஸ்-இல் அடைபட்டுவிடும்.

7. அணைக்க வேண்டியவை, இரண்டு பெட்டியிலும்

டபிள்யூபிஎஸ், அதாவது பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ கருவியைச் சேர்க்கும் வசதி. அதன் 8 இலக்க பின் எண் இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால் சுமார் 11,000 முயற்சிகளில் பிடித்துவிடலாம் என்று 2011-இலேயே காட்டிவிட்டார்கள். பின் எண் கிடைத்தால் உங்கள் நீளமான பாஸ்வேர்டும் கிடைத்துவிடும். புது ரவுட்டரில் அணைத்துவிட்டு ஃபைபர் பெட்டியில் விட்டுவைப்பது வழக்கமான தவறு.

வெளியிலிருந்து செட்டிங்கைத் திறக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட், தானாகக் கதவு திறந்துவிடும் யுபிஎன்பி ஆகியவற்றை ஃபைபர் பெட்டியில் அணைக்க வேண்டும். இணையத்தின் வாசலில் நிற்பது அதுதான். ஆக்சஸ் பாயிண்டில் அணைத்தால் மட்டும் போதாது. கேம் கன்சோல் வைத்திருக்கும் வீட்டில் யுபிஎன்பி இல்லாமல் சில விளையாட்டுகள் முரண்டு பிடிக்கலாம். அப்போது அந்த ஒரு கருவிக்கு மட்டும் போர்ட் திறந்து கொடுங்கள். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) ஃபயர்வால் என்று ஒரு தடுப்பு இருந்தால் அது இயங்கிக்கொண்டிருக்கட்டும்.

வைஃபை பெயரை மறைப்பது, மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) வடிகட்டி வைப்பது இரண்டிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். மறைத்த பெயரை இலவசச் செயலிகளே காட்டிவிடும். இப்போதைய போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. வடிகட்டியில் திருடன் மாட்டுவதைவிட வீட்டுக்காரர் மாட்டுவதுதான் அதிகம்.

8. இடம்

இப்போது ரவுட்டரை அதன் இடத்துக்குக் கொண்டுபோகலாம். லாஃப்டில் வைக்காதீர்கள். காங்கிரீட்டுக்கு ஒட்டி, பழைய பாத்திரங்களுக்கு நடுவே, கத்திரி வெயிலில் அது வேகும். பீரோவின் தலையிலும் வேண்டாம். இரும்புத் தகடு ஒரு பக்கம் முழுவதையும் மறைத்துவிடும். ஆளுயரக் கண்ணாடி, மீன்தொட்டி, பாத்ரூம் சுவர் இவையும் சிக்னலைத் தின்பவை.

ஆள் உட்காரும் இடத்திலிருந்து ஒரு சுவருக்கு மேல் குறுக்கே வராதபடி, நெஞ்சு உயரத்துக்கு மேல், திறந்த இடம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால், வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் களைத்துவிடும்.

வைஃபை அனலைசரைத் திறந்து, கட்டிலில், மேசையில், பால்கனியில் நின்று சிக்னல் பலத்தைக் காட்டும் எண்ணை (dBm) பாருங்கள். கழித்தல் 65-க்கு மேலே (கழித்தல் 60, 50 என்று) இருந்தால் நன்று. கழித்தல் 75-க்குக் கீழே போனால் இடத்தை மாற்றுங்கள்; எந்த செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது.

9. சானலும் அகலமும்

இடம் முடிவானபிறகுதான் சானல். ஹாலில் தெரியும் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் வேறு, படுக்கையறையில் தெரிபவை வேறு. பார்க்க வேண்டிய நேரம் இரவு ஒன்பது மணி. ஐபிஎல் நடக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. மதியம் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலி சானல் இரவில் நிரம்பி வழியும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றில் ஒன்று. சானலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். கூட்டமாக இருக்கிறதே என்று 3-க்கோ 8-க்கோ போகாதீர்கள். ஒரே சானலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, தண்ணி லாரி முன்னால் குடம் வைப்பது மாதிரி முறைவைத்துப் பேசும். 3-இல் இருப்பது 1, 6 இரண்டு வரிசையிலும் குறுக்கே நுழைந்து யாருக்கும் தண்ணீர் கிடைக்காமல் செய்யும். அகலத்தை 40 ஆக்கினால் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைப்பதும் ஃபிளாட்டில் எடுபடாது.

5 கிகாஹெர்ட்ஸில் தாராளமாக இடம் இருக்கிறது. இந்தியாவில் 2018 அக்டோபரில் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டார்கள். ஃபைபர் பெட்டியை 36-இலும் ஆக்சஸ் பாயிண்டை 149-இலும் வையுங்கள், அகலம் 80. இரண்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காது. 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சானல்கள். பெரும்பாலும் காலியாக இருக்கும், ஆனால் ரேடார் போல ஏதாவது கேட்டால் ரவுட்டர் சட்டென்று விலகிப்போகும், இணைப்பு அறுந்து வரும். ஆபீஸ் மீட்டிங் நடக்கும் அறைக்கு அது வேண்டாம்.

'ஆட்டோ' என்று விட்டால் என்ன? கரண்ட் போய் வரும்போது கட்டடத்திலுள்ள எல்லா ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் கண்விழிக்கும். மற்றவர்கள் இன்னும் பேசத் தொடங்காத அந்த நொடியில் பார்த்துவிட்டு, காலி என்று நினைத்து, பல ரவுட்டர்கள் ஒரே சானலில் உட்கார்ந்துவிடும். நீங்களே குறித்துக் கொடுப்பது மேல்.

10. ஒரே பெயர், குறைந்த சக்தி

இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை. அப்போதுதான் ஹாலிலிருந்து படுக்கையறைக்கு நடக்கும்போது போன் தானாக மாறும். எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவுசெய்கிறது, ரவுட்டர் இல்லை. ஹால் பெட்டி முழுச் சக்தியில் கத்திக்கொண்டிருந்தால் போன் அதையே பிடித்துத் தொங்கும். கேட்பது சரியாகக் கேட்கும். ஆனால் போனின் சின்ன ஆண்டெனா பதில் சொல்வது அங்கே போய்ச் சேராது. புள்ளிகள் முழுசாக இருக்கிறது, நெட் ஓடவில்லை என்ற புகார் பெரும்பாலும் இதுதான்.

இரண்டிலும், முக்கியமாக 2.4-இல், டிரான்ஸ்மிட் பவரை நடுத்தரத்துக்கோ குறைவுக்கோ இறக்குங்கள். நடந்து பார்த்து, இடைவெளி விழுந்தால் ஒரு படி ஏற்றுங்கள்.

11. கெஸ்ட் நெட்வொர்க்

விருந்தாளிகள், ஸ்மார்ட் பல்பு, மலிவான கேமரா எல்லாவற்றுக்கும் இது. இவை உங்கள் லேப்டாப் இருக்கும் நெட்வொர்க்கில் இருக்க வேண்டியதில்லை.

ஒரு பொறி இருக்கிறது. ஆக்சஸ் பாயிண்ட் மோடில் பல ரவுட்டர்களின் கெஸ்ட் தடுப்பு வேலை செய்யாது. பெயர் மட்டும் வேறாக இருக்கும், உள்ளே எல்லாம் ஒன்றுதான். போனைக் கெஸ்டில் சேர்த்து, 192.168.1.1-ஐத் திறந்து பாருங்கள். லாகின் பக்கம் வந்தால் தடுப்பு இல்லை. அப்போது கெஸ்டை ஃபைபர் பெட்டியில் மட்டும் இயக்கி, இதே சோதனையை அங்கேயும் செய்யுங்கள்.

12. சோதனை

லேப்டாப்பைப் படுக்கையறை வைஃபையில் சேர்த்து, 192.168.1.1-க்கு பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றை இலக்க மில்லிநொடியில் சீராக வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அதற்குப் பிறகும் வீடியோ உறைந்தால் பழி வெளியே. சேவை மையத்துக்குப் போன் செய்யும்போது இதைச் சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்ற கட்டத்தைத் தாண்டலாம். பிங் 5, 180, 7, 400 என்று துள்ளினால் எட்டு, ஒன்பதாம் படிகளுக்குத் திரும்புங்கள். 2.4-இல் மட்டும் துள்ளினால் மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிறதா, ரவுட்டரில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக ஓடும் நிலையில் செட்டிங்கைப் பேக்கப் எடுத்து லேப்டாப்பில் வையுங்கள். இரண்டு பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டால் கரண்ட் போனாலும் நெட் நிற்காது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், 9 வோல்ட் பெட்டிகளும் உண்டு.

பழைய ரவுட்டரைக் காயலான் கடையில் போடுவதாக இருந்தால், கரண்ட் கொடுத்து, பின்பக்க ஓட்டையில் ஊசியால் பத்து நொடி அழுத்தி ரீசெட் செய்துவிட்டுப் போடுங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு அதற்குள் இன்னும் இருக்கிறது.